நாற்பது பேருக்கும் ஒரே நண்பன்

ஏழாம் வகுப்பில் எனக்கு ராமு என்று ஒரு நண்பன் இருந்தான். ரொம்ப நல்லவன். பொய் சொல்லமாட்டான், நேரத்துக்குப் பள்ளிக்கூடம் வந்துவிடுவான், அப்பா டாக்டர், கணக்கில் எப்போதும் நூற்றுக்கு நூறு. ஒரே ஒரு சிக்கல், அந்த ராமுவை நான் பார்த்ததே இல்லை. வகுப்பில் இருந்த மற்ற முப்பத்தொன்பது பேரும் பார்த்ததில்லை. ஆனாலும் எங்கள் நாற்பது பேருக்கும் அவன்தான் 'மை பெஸ்ட் ஃப்ரெண்ட்'. ஆங்கில சார் போர்டில் எழுதிப் போட்டார், நாங்கள் காம்போசிஷன் நோட்டில் அப்படியே இறக்கிக்கொண்டோம். பரீட்சையில் வந்தால் மனப்பாடமாகத் திருப்பி எழுத வேண்டும். அவ்ளோதான்.

என் நிஜ நண்பன் பக்கத்திலேயே உட்கார்ந்து ராமுவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தான். அவன் அப்பா டீக்கடை வைத்திருந்தார். காலையில் சைக்கிள் கேரியரில் பால் கேனைக் கட்டி எடுத்துப்போய்க் கடையில் இறக்கிவிட்டுத்தான் பள்ளிக்கு வருவான். எழுதி முடித்துச் சும்மா இருந்த நேரத்தில் நான் கட்டுரைக்குப் பக்கத்தில் அவனை வரைந்தேன். சைக்கிள், கேன், அவனுடைய பெரிய காது. நோட்டு திரும்பி வந்தபோது படத்தின் மேல் சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு. "இதென்ன ட்ராயிங் கிளாஸா?" என்று சார் கேட்டார். வகுப்பே சிரித்தது. அந்த நண்பனும்தான்.

இன்றைக்கு யோசித்துப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் உண்மையாக இருந்தது அந்தப் படம் மட்டும்தான்.

அந்தக் கிறுக்கலுக்கு உலகத்தில் ஒரு பெரிய பெயர் இருக்கிறது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. மல்டிமோடல் காம்போசிஷன். எழுத்து, படம், குரல், இசை, அசைவு, பக்கத்தில் எது எங்கே நிற்கிறது என்பது எல்லாம் சேர்ந்து ஒன்றைச் சொல்வது. அதையே கம்ப்யூட்டரிலோ போனிலோ செய்தால் டிஜிட்டல் காம்போசிஷன். அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான ஆங்கில வகுப்புகளில் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இது எப்படி வகுப்பறைக்குள் வந்தது என்று தேடிப்போனேன். கம்ப்யூட்டரின் கதையாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். போகப் போக வேறொரு கேள்விதான் திரும்பத் திரும்ப எதிரே வந்தது. அந்த நாற்பது நோட்டையும் யார் படித்தார்கள்?

1. ஈய எழுத்துகள்

பாடத்தில் படம் வருவது புதுசு ஒன்றும் கிடையாது. 1658-இல் கொமேனியஸ் என்ற ஆசிரியர் நியூரம்பர்க் நகரில் குழந்தைகளுக்காக ஒரு படப் புத்தகம் வெளியிட்டார். மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த படங்கள். படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், கீழே அதே எண்ணோடு லத்தீனிலும் ஜெர்மனிலும் அதன் பெயர். நம் வீட்டுச் சுவரில் ஒட்டிய பழங்கள் சார்ட்டுக்கு அதுதான் கொள்ளுத்தாத்தா. ஆனால் அதில் படம் போட்டவர் வேறு, படிக்கும் குழந்தை வேறு. குழந்தை பார்க்கலாம், படிக்கலாம், சொல்லலாம். செய்ய முடியாது.

செய்யவைத்த ஒருவரைப் பார்க்க பிரான்ஸுக்குப் போகவேண்டும். அங்கே நடந்தது ஆங்கில வகுப்பு இல்லைதான். ஆனால் பின்னால் ஆங்கில வகுப்புகள் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்த பல விஷயங்களை அவர் முன்பே செய்து பார்த்துவிட்டார்.

செலஸ்டான் ஃப்ரெனே. முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டடி பட்டவர். 1920-இல் தெற்கு பிரான்ஸின் பார்-சுர்-லூ என்ற மலைக் கிராமத்தில் ஆசிரியர் வேலைக்கு வந்தார். நீளமாகப் பேசினால் மூச்சு வாங்கும். நாள் முழுக்க லெக்சர் அடிக்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குள் நடந்தார். திரும்பி வந்ததும் பார்த்ததைப் பிள்ளைகள் சொல்ல, அதை எழுதினார்கள். 1924-இல் ஒரு சின்ன அச்சு இயந்திரம் வாங்கி வகுப்பில் வைத்தார்.

இதை ஒருமுறை கண்ணில் ஓட்டிப் பாருங்கள். பத்து வயசுப் பையன் தான் எழுதியதை ஈய எழுத்துகளாக, ஒவ்வொன்றாக, தலைகீழாகக் கோக்கிறான். ஓர் எழுத்து தப்பினால் அத்தனை தாளிலும் தப்பாக விழும். அதனால் எழுத்துப்பிழையை அவனே தேடுகிறான். படம் எங்கே வரவேண்டும், வரி எங்கே உடையவேண்டும் என்று யோசிக்கிறான். எதை அச்சடிப்பது என்று வகுப்பே ஓட்டுப் போட்டு முடிவுசெய்தது.

1926-இல் இன்னொன்று நடந்தது. நாட்டின் மறுகோடியில், பிரிட்டனி கடற்கரையில், ட்ரேகங்க் என்ற ஊரில் ரெனே டேனியல் என்ற ஆசிரியரும் ஓர் அச்சு இயந்திரம் வாங்கினார். இரண்டு வகுப்புகளும் அச்சடித்த தாள்களை ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்ப ஆரம்பித்தன. மலைப் பிள்ளைகளுக்கு எதிர்முனையில் கடல் பிள்ளைகள். இங்கே ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. அதனால் விளக்கிச் சொல்லணும். வார்த்தை போதலைன்னா வரைஞ்சு காட்டணும். இந்த இடத்தில் படம் அலங்காரமாக வரவில்லை. தேவைப்பட்டு வந்தது.

நிஜமான வாசகர் வந்தால் நிஜமான ஆபத்தும் வரும். ஃப்ரெனே பின்னர் செயின்ட்-பால் என்ற ஊருக்கு மாறினார். அங்கே ஒரு மாணவன் தான் கண்ட கனவை எழுதினான். பள்ளிக்கு வேண்டிய பொருட்களுக்குப் பணம் தர மறுக்கும் மேயரை எதிர்த்து வகுப்பே கிளம்புகிறது, மேயர் கொல்லப்படுகிறார் என்று போகும் கனவு. அது அச்சாகி வெளியே போய், 1932 கடைசியில் ஊரே கொந்தளித்தது. வலதுசாரிப் பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டு எழுதின. அவர் அந்த வேலையை விட்டு விலகவேண்டி வந்தது. 1935-இல் மனைவி எலிஸோடு சேர்ந்து பக்கத்து ஊரான வான்ஸில் சொந்தமாகப் பள்ளி தொடங்கினார். ராமுவைப் பற்றி எழுதியிருந்தால் எந்த வம்பும் வந்திருக்காது.

2. பொத்தான் யார் கையில்?

அதே காலத்தில் அமெரிக்காவில் வகுப்பறைக்குள் மெஷின்கள் வேறொரு வழியில் நுழைந்துகொண்டிருந்தன. 1913-லேயே தாமஸ் எடிசன், சீக்கிரத்தில் பள்ளிகளில் புத்தகத்துக்கு வேலை இருக்காது, எல்லாவற்றையும் சினிமாவே சொல்லிக்கொடுத்துவிடும் என்று சொல்லிவிட்டார். சினிமா வந்தது, ரேடியோ வந்தது, டிவி வந்தது. 1950-களில் உளவியலாளர் ஸ்கின்னர் 'போதிக்கும் இயந்திரம்' ஒன்றைக் கொண்டுவந்தார். கேள்வி வரும், குழந்தை பதில் போடும், சரியா தப்பா என்று அது உடனே சொல்லும். எல்லாவற்றிலும் ஓட்டம் ஒரே திசைதான். மேலிருந்து கீழே. குழந்தை வாங்கிக்கொள்ளும் இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

திசையைத் திருப்பிய முயற்சிகளில் முக்கியமானது 1967-இல் மாசசூசெட்ஸில் நடந்தது. சீமூர் பாப்பர்ட், வாலி ஃபோயர்ஸைக், சிந்தியா சாலமன் ஆகியோர் லோகோ என்ற கணினி மொழியைக் குழந்தைகளுக்காக உருவாக்கினார்கள். லோகோ என்றதும் பலருக்கும் கோடு போட்டுக்கொண்டே போகும் ஆமைதான் ஞாபகம் வரும். ஆமை வந்தது கொஞ்சம் பின்னால். முதலில் லோகோ சொற்களோடும் வாக்கியங்களோடும்தான் விளையாடியது. அந்தப் பெயரே 'சொல்' என்று பொருள்படும் கிரேக்க வார்த்தையிலிருந்து வந்ததுதான்.

பாப்பர்ட் 1980-இல் எழுதிய 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' புத்தகத்தில் ஒரு சின்னச் சம்பவம் வருகிறது. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் அது. ஜென்னி என்று அவர் குறிப்பிடும் 13 வயது மாணவி, கம்ப்யூட்டரைக் கவிதை எழுதவைக்கும் வேலையில் இறங்கியிருக்கிறாள். சொற்களைக் கொடுத்தால் மெஷின் குலுக்கிப்போட்டு வாக்கியம் அமைக்கவேண்டும். எல்லாச் சொல்லையும் ஒரே டப்பாவில் போட்டால் வெறும் குப்பைதான் வரும். ஆகவே பெயர்களை ஒரு டப்பாவிலும் வினைகளை இன்னொரு டப்பாவிலும் பிரித்துப் போடவேண்டியிருந்தது. ஒருநாள் துள்ளிக்கொண்டு வந்து, பெயர்ச்சொல், வினைச்சொல் எல்லாம் எதுக்கு இருக்குன்னு எனக்கு இப்போ புரிஞ்சுபோச்சு என்கிற மாதிரி சொல்கிறாள். வருஷக்கணக்காக இலக்கணப் பாடத்தில் கேட்டுச் சலித்த விஷயம். சொன்னபோதெல்லாம் ஏறாதது, அவளுக்கே ஒரு காரியத்துக்குத் தேவைப்பட்டதும் ஏறிவிட்டது.

நம் ஆசிரியர்கள் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "படம், வீடியோன்னு போட்டா பையன் இங்கிலீஷ் எப்போ கத்துப்பான்?" நியாயமான கேள்வி. ஜென்னியின் கதை அதற்கு ஒரு பாதி பதில். அவளை மெஷின் மொழியிலிருந்து தள்ளிக் கொண்டுபோகவில்லை, இலக்கணத்தின் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தியது. மீதிப் பாதி அடுத்த கதையில் இருக்கிறது.

3. ஒரு கம்ப்யூட்டர், ஒரு க்யூ

1980-களின் தொடக்கம். அமெரிக்கப் பள்ளிகளில் ஆப்பிள் 2 கம்ப்யூட்டர்கள் வர ஆரம்பித்த நேரம். லோகோ பிறந்த அதே பிபிஎன் நிறுவனத்தில் பெர்ட்ரம் புரூஸ், ஆண்டி ரூபின் இருவரும் க்வில் என்ற எழுதும் மென்பொருளை உருவாக்கினார்கள். எழுதுவதற்குத் திட்டம் போட ஒரு பகுதி, எழுதியதை மற்றவர்கள் படிக்கும்படி சேர்த்துவைக்க 'நூலகம்', ஒருவருக்கொருவர் செய்தி அனுப்ப 'தபால் பை'. இணையம் வீடுகளுக்கு வருவதற்குப் பத்து வருஷம் முன்னால் இது. அலாஸ்காவின் பனிக் கிராமங்களில் இருந்த வகுப்புகள்வரை அது போய்ச் சேர்ந்தது.

புரூஸும் சாரா மைக்கேல்ஸ் என்ற ஆய்வாளரும் ஆறாம் வகுப்புகளில் உட்கார்ந்து கவனித்தார்கள். அவர்கள் கண்ட விஷயத்தை மென்பொருளில் யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை. வகுப்பில் கம்ப்யூட்டர் பற்றாக்குறை. தன் முறை வரும்வரை பிள்ளைகள் அங்கேயே சுற்றிச்சுற்றி வந்தார்கள். அப்படிக் காத்திருந்தபோது முன்னால் உட்கார்ந்தவர் எழுதுவதை ஸ்க்ரீனில் படித்தார்கள், கருத்துச் சொன்னார்கள். நோட்டில் எழுதினால் கையால் மறைத்துக்கொள்ளலாம். ஸ்க்ரீன் நிமிர்ந்து நிற்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எழுதுபவருக்கு அங்கேயே, அப்போதே ஒரு வாசகர் கிடைத்துவிட்டார். எழுதியதைத் திருத்துவதற்கும் ஒரு காரணம் வந்துவிட்டது.

பற்றாக்குறை தந்த பரிசு. ஆளுக்கொரு லேப்டாப் கொடுத்திருந்தால் அந்த வரிசையே உருவாகியிருக்காது. அதே மென்பொருளை வைத்துக்கொண்டு இரண்டு வகுப்புகள் இரண்டு விதமாக எழுதின என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. ஆசிரியர் எதற்காக எழுதச் சொல்கிறார், யார் படிப்பார்கள் என்பதைப் பொறுத்து எழுத்து மாறியது.

அடுத்த பத்தாண்டில் கருவிகள் மளமளவென்று மாறின. 1987-இல் ஆப்பிளின் ஹைப்பர்கார்ட் வந்தது. அட்டை அட்டையாக எழுத்து, படம், ஒலி. ஓர் அட்டையில் தட்டினால் இன்னொன்றுக்குத் தாவலாம். பிள்ளைகள் அதில் கதை கட்டினார்கள். 1994-இல் சான் பிரான்சிஸ்கோவில் டானா ஆட்ச்லி, ஜோ லாம்பர்ட், நினா முல்லன் ஆகியோர் டிஜிட்டல் கதைசொல்லல் பட்டறைகளை நடத்த ஒரு மையம் தொடங்கினார்கள். சில நிமிடப் படம். சொந்தக் குரல், குடும்ப ஆல்பத்துப் புகைப்படங்கள், கொஞ்சம் இசை. அந்தப் பட்டறைகளின் முக்கியமான பழக்கம் ஒன்று உண்டு. கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து தன் கதையை வாயால் சொல்லவேண்டும், மற்றவர்கள் கேட்கவேண்டும். முதல் வாசகர் அந்த வட்டத்திலேயே இருக்கிறார்.

4. பத்து பேர் வைத்த பெயர்

செய்துகொண்டிருந்தார்கள், ஆனால் செய்வதற்குப் பொதுவான ஒரு பெயர் இல்லை. 1994 செப்டம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பத்துக் கல்வியாளர்கள் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் நியூ லண்டன் என்ற சிற்றூரில் கூடினார்கள். அதனால் அவர்களுக்கு 'நியூ லண்டன் குழு' என்றே பெயர் ஆகிவிட்டது. அவர்களின் நீண்ட அறிக்கை 1996-இல் ஹார்வர்ட் எஜுகேஷனல் ரிவ்யூ இதழில் வெளிவந்தது. எழுத்தறிவு என்று ஒருமையில் பேசினால் இனிமேல் போதாது, பல எழுத்தறிவுகள் என்று பேசவேண்டும் என்றார்கள். மொழி, காட்சி, ஒலி, உடலசைவு, இடம் என்று பொருள் பல வழிகளில் உருவாகிறது. எழுதுகிறவர், அவற்றில் கிடைப்பதை எடுத்துப் புதிதாக ஒன்றை வடிவமைக்கிறவர்.

அந்தப் பத்து பேரில் ஒருவர் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்து கவனித்த அதே சாரா மைக்கேல்ஸ். இன்னொருவர் குந்தர் க்ரெஸ். கொமேனியஸின் படப் புத்தகம் வெளியான அதே நியூரம்பர்க்கில் 1940-இல் பிறந்து, ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து, பிறகு லண்டனில் ஆசிரியராக இருந்தவர். மூன்று வயசுக் குழந்தை சில வட்டங்களை வரைந்துவிட்டு "இது கார்" என்று சொல்வதை அவர் தீவிரமாக எடுத்துக்கொண்டார். குழந்தைக்குக் கார் என்றால் சக்கரம், சக்கரம் என்றால் வட்டம். அது கிறுக்கல் கிடையாது. கிடைத்த கருவியில் தனக்கு முக்கியமானதைத் தேர்ந்தெடுத்துச் சொல்வது. இதைப் படித்தபோது சிவப்புக் கோடு விழுந்த அந்தப் பெரிய காது எனக்கு ஞாபகம் வந்தது.

5. ஒரே மூச்சில் மூன்று பக்கம்

ஒரு சிந்தனை பாடத்திட்டத்துக்குள் போகும்போது என்ன ஆகும்? அமெரிக்காவின் ஆங்கில ஆசிரியர்களின் தேசிய அமைப்பு 2003-இல் அச்சு சாராத ஊடகங்களில் ஆக்கம் செய்வதைக் கற்பிக்கவேண்டும் என்று தீர்மானம் போட்டது. 2005-இல் பல்வகை எழுத்தறிவு பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. ஆஸ்திரேலியப் பாடத்திட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், மல்டிமோடல் படைப்புகளைப் படிப்பதையும் உருவாக்குவதையும் ஆங்கிலப் பாடத்தின் சாதாரண வேலையாகவே சேர்த்துக்கொண்டது.

2010-இல் பெரும்பாலான அமெரிக்க மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட காமன் கோர் பாடத்தரங்களைப் பாருங்கள். ஆறாம் வகுப்பு மாணவர் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தி எழுதவும் வெளியிடவும் மற்றவர்களோடு சேர்ந்து வேலை செய்யவும் வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதே வரியின் கடைசியில் ஓர் அளவுகோல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரே அமர்வில் குறைந்தது மூன்று பக்கம் டைப் அடிக்கத் தெரியவேண்டும். படம், இசை, ஒலி எல்லாம் எங்கே என்று தேடினால், அவை 'பேசுதல், கேட்டல்' பிரிவில் பிரசன்டேஷனுக்குக் கீழே இருக்கின்றன. 'எழுதுதல்' என்ற அறைக்குள் படத்துக்கு ஓர் ஓரத்தில்தான் இடம், புரியவைக்க உதவினால் சேர்த்துக்கொள்ளலாம் என்ற அளவில். என் சார் கேட்ட அதே கேள்வியைத்தான் இன்னும் நாகரிகமாகக் கேட்டிருக்கிறார்கள்.

அளக்கச் சுலபமானதை அளந்தார்கள் என்று சொல்லிக் கடந்துபோகலாம். ஆனால் ஆசிரியரின் கஷ்டமும் நிஜம். ஒரு பையன் கொண்டுவந்த மூன்று நிமிட வீடியோவுக்கு எத்தனை மார்க்? குரல் நன்றாக இருந்தால் எவ்வளவு, ஆங்கிலம் நன்றாக இருந்தால் எவ்வளவு? வீட்டில் நல்ல போன் இருக்கிற பிள்ளையின் வீடியோ பளபளப்பாக இருக்கும், இல்லாத பிள்ளைக்கு? இந்தக் கேள்விகளுக்கு இதுவரை யாரும் சுலபமான பதில் வைத்திருக்கவில்லை. அதனால் பல வகுப்புகளில் பழைய ராமுவே பவர்பாயிண்டில் வந்து நிற்கிறான். இந்தமுறை எழுத்துகள் பறந்து வந்து உட்காருகின்றன, அவ்வளவுதான் வித்தியாசம்.

6. நம்ம பக்கம்

2018-இல் தமிழ்நாட்டில் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளுக்குப் புதுப் பாடப்புத்தகங்கள் வந்தன. பக்கங்களில் க்யூஆர் கோட். போனைக் காட்டினால் வீடியோ விரியும். நல்ல விஷயம், மறுக்கவே மாட்டேன். ஆனால் திசையைக் கவனியுங்கள். போன் வைத்திருக்கும் பிள்ளை ஸ்கேன் செய்கிறது, பார்க்கிறது. எடிசன் சொன்ன திசை. அதே பிள்ளை தானே ஒன்றைச் செய்து, அதற்கு ஒரு க்யூஆர் கோட் ஒட்டி, இன்னொரு ஊர்ப் பிள்ளையைப் பார்க்கவைத்தால் அது ஃப்ரெனேயின் திசை. தொழில்நுட்பம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

எதிர்த்திசைக்கு நம்மிடம் விதை இல்லாமல் இல்லை. ஒரே ஒரு பிரதி எழுதி, வரைந்து, தைத்து, கைமாற்றிக் கைமாற்றித் தெருவே படித்த கையெழுத்துப் பத்திரிகைகள் நமக்குப் பழக்கம்தான். பள்ளிக்கல்வித் துறை 2022-இல் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய 'தேன்சிட்டு' இதழில் மாணவர்களின் ஆக்கங்களும் வருகின்றன. ஆங்கில வகுப்புக்குள்தான் அந்தக் காற்று இன்னும் வரவில்லை. அங்கே ஆங்கிலம் பரீட்சைத் தாளோடு மட்டுமே பேசுகிறது.

இதற்கு நடுவில் 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்துவிட்டது. எங்கள் சாருக்கு ஒரே ஒரு ராமுதான் தெரியும். இந்த மெஷின் நாற்பது பேருக்கும் நாற்பது வேறு வேறு ராமுவை ஒரு நிமிஷத்தில் தந்துவிடும், படத்தோடு. அவர்களையும் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். ஆசிரியர்கள் காப்பியடிப்பதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். நாங்கள் காப்பிதான் அடித்தோம், அதற்கு முழு மார்க் வாங்கினோம் என்பதை அவர்களுக்கு யாராவது ஞாபகப்படுத்தினால் தேவலை.

போன கோடையில் அக்கா மகள் ஊருக்கு வந்திருந்தாள். ஏழாம் வகுப்பு. அண்ணன் மகள் கனடாவில் வளர்கிறாள், தமிழ் புரியும், படிக்க வராது. இவள் ஒரு மதியம் கொடுக்காப்புளி பறிக்கப் போனதை அவளுக்கு ஆங்கிலத்தில் எழுதி அனுப்ப உட்கார்ந்தாள். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டாள்.

"மாமா, கொடுக்காப்புளிக்கு இங்கிலீஷ்ல என்ன?"

எனக்கும் தெரியவில்லை. புளி மாதிரி இருக்கும் ஆனா புளி இல்ல என்று எழுதினாள், அடித்தாள். ஒன்றை உரித்துப் போட்டோ எடுத்தாள். அளவு தெரியவேண்டுமென்று பக்கத்தில் ஒரு பத்து ரூபாய்க் காசு வைத்தாள். பிறகு, அந்தக் காசு எவ்வளவு பெரிசுன்னு அவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்து, காசை எடுத்துவிட்டுத் தன் கையை வைத்தாள். சுவை மட்டும் எதிலும் சிக்கவில்லை. கடைசியில் எங்கள் அம்மாவை ஒன்று தின்னச்சொல்லி, முகம் சுளிப்பதையும் கொடுக்காப்புளி என்று சொல்வதையும் பதிவு செய்தாள். இவளுக்கு அம்மாச்சி, அவளுக்கு அப்பத்தா. இதையெல்லாம் சேர்த்து அனுப்பிய செய்தியில் ஆங்கில வாக்கியங்கள் ஆறோ ஏழோ இருக்கும். ஒவ்வொன்றையும் நாலு தடவை மாற்றினாள்.

மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது. ஒரே வரி. அப்பத்தா துப்பினாங்களே அந்தக் கறுப்பு விதை, அதை என்ன செய்வீங்க?

இவள் பல் தேய்ப்பதற்கு முன்னால் பேப்பரைத் தேடிக்கொண்டிருந்தாள்.